‘அவர்’ என்று வாசிக்கும்முன்: ஞாயிறு பள்ளிப் பாடநூல் ஆக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

ஸ்தோத்திரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடம் நடத்திவரும் ஓர் எளிய ஆசிரியை இந்த மடலை எழுதுகிறேன். நம் சபைகளில் புழங்கும் பாடநூல்கள் பலவற்றில், ‘பழைய ஏற்பாட்டில் கிறிஸ்து’ என்ற தலைப்பில், இடப்பக்கம் ஒரு சம்பவமும் வலப்பக்கம் அதன் நிறைவேறுதலுமாக ஒரு அட்டவணை இருக்கும். சென்ற ஆண்டு அதை நடத்தி முடித்தபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தால் யூதர்களுக்கு ஏன் டீச்சர் புரியாமல் போனது?” என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன், “புரிந்தது, வேண்டுமென்றே மறைத்துவிட்டார்கள்” என்றான். அந்தப் பதிலை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் அட்டவணையிலிருந்து அவனே வருவித்துக்கொண்டான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோசேயின் ஐந்து ஆகமங்களும் கிறிஸ்துவை முன்காட்டுகின்றன என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் முன்காட்டுதல் என்பது விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாளை வாசிப்பதன்று. எம்மாவூர் வழியில் நடந்த அந்த இருவரும் சிறுவயது முதல் வேதவாக்கியங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகும், உயிர்த்தெழுந்தவரே மோசே தொடங்கி விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டெரிந்தது. அவர்களுக்கே பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் விளங்கிய ஒன்றை, நம் பிள்ளைகளுக்கு மட்டும் முன்னாலேயே வெட்டவெளிச்சமாக இருந்ததுபோலச் சொல்லிக்கொடுப்பதுதான் என் மனக்குறை.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருப்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலின் வழியில் வந்த வேதாகமத்தைத்தான் இன்றும் பெரும்பாலான சபைகளில் கையில் பிடித்திருக்கிறோம். அதில் ஆபிரகாம் ‘அவன்’, மோசே ‘அவன்’, தாவீது ராஜாவும் ‘அவன்’. ஆனால் ஆதியாகமம் 3:15இல் சர்ப்பத்தை நோக்கிய வாக்கில் ஸ்திரீயின் வித்து வரும்போது, “அவர் உன் தலையை நசுக்குவார், நீ அவர் குதிங்காலை நசுக்குவாய்” என்று திடீரென மரியாதைப் பன்மை வந்து நிற்கிறது. யாக்கோபு யூதாவை ஆசீர்வதிக்கும் இடத்தில் “ஜனங்கள் அவரிடத்தில் சேருவார்கள்” என்றும், பிலேயாம் மலையுச்சியில் நின்று சொல்லும் வாக்கில் “அவரைக் காண்பேன், இப்பொழுது அல்ல” என்றும், மோசே தன்னைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்லும்போது “அவருக்குச் செவிகொடுப்பீர்களாக” என்றும் அதே ‘அவர்’ தொடர்கிறது. எபிரெயத்தில் இப்படி ஒரு மரியாதை வடிவமே கிடையாது. மொழிபெயர்த்தவர்கள் தங்கள் விசுவாசத்தை அந்த ஒரே எழுத்தில், னகரத்துக்குப் பதில் ரகரம் இட்டு, அறிக்கையிட்டுவிட்டார்கள். அதை நான் குறை கூறவில்லை. தமிழில் எழுதுகிறவன் அது, அவன், அவர், அவர்கள் என்னும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும், தப்ப வழியில்லை. ஆனால் தேர்வு நடந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது சரியன்று.

மூலத்தில் ‘வித்து’ என்பதற்கு நிற்கும் ‘ஸெரா’ என்னும் சொல் ஒரே ஆளையும் குறிக்கும், சந்ததி முழுவதையும் குறிக்கும். அதைச் சுட்டும் ‘ஹூ’ என்ற பிரதிப்பெயர் ஆண்பால் ஒருமை. ஆனால் அது சொல்லின் இலக்கணப் பாலுக்கு இசைந்து வந்ததாகவும் இருக்கலாம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் ஆகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், கிரேக்கத்தில் ‘வித்து’ அஃறிணைப் பாலாக இருந்தும், பிரதிப்பெயரை ஆண்பாலில் எழுதினார்கள். அவர்கள் மனத்தில் ஓர் ஆள் இருந்தாரோ என்று எண்ணத் தூண்டும் இடம் இது. இலத்தீன் வேதாகமமான வுல்காத்தாவின் மரபிலோ அதே இடத்தில் ‘அவள்’ என்று வந்துவிட்டது. கன்னி மரியாள் பாம்பின் தலைமேல் கால் வைத்து நிற்கும் சுரூபங்களுக்குப் பின்னே அந்தப் பெண்பால் பிரதிப்பெயர் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையே 1979இன் புதிய வுல்காத்தாவில் அதைத் திருத்திக்கொண்டது. ஒரு சின்னஞ்சிறு பிரதிப்பெயருக்குள் இத்தனை நூற்றாண்டு விவாதம் கிடக்க, நம் பாடநூல் அதை ஒரே வரியில், ‘முதல் தீர்க்கதரிசனம், நிறைவேறியது சிலுவையில்’ என்று கடந்துவிடுகிறது. ஐக்கியத் திருப்புதலில் ஒரு நல்ல காரியமும் உண்டு: தலைக்கும் குதிங்காலுக்கும் எபிரெயத்தில் ஒரே வினைச்சொல்லே வருகிறது, தமிழிலும் இரண்டிடத்திலும் ‘நசுக்கு’ என்றே காத்திருக்கிறார்கள். வெல்லுகிறவரும் காயப்படாமல் வெல்லுவதில்லை என்பது அந்த ஒரே வினையில் அடங்கியிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

ஆதியாகமம் 49:10இல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறோம். நம் வேதாகமத்தில் “சமாதான கர்த்தர் வருமளவும் செங்கோல் யூதாவை விட்டு நீங்குவதும் இல்லை” என்று இருக்கிறது. மூலத்தில் இருப்பது ‘ஷீலோ’ என்ற சொல். அது ஆளின் பெயரா, ஊரின் பெயரா, ‘உரிமை உடையவன்’ என்று பொருள்படும் தொடரா என்று அறிஞர் இன்னமும் வாதிடுகிறார்கள். தமிழ் வாசகனுக்கோ அந்த முடிச்சு இருந்ததே தெரியாது. முடிச்சை மறைத்ததால் நாம் இழந்தது என்னவென்றால், யூதர்களே அதை மேசியாவைப் பற்றிய வாக்காக வாசித்தார்கள் என்ற செய்தி. சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த ஆதியாகம விளக்கச் சுருள் ஒன்று அந்த வரியை நீதியின் மேசியா, தாவீதின் முளை வரும்வரை என்று விரிக்கிறது; ஒன்கெலோஸின் தர்கூம் என்னும் அரமேய மொழிபெயர்ப்பும் அங்கே மேசியா என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே பின்வரிசைப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: அவர்கள் மறைக்கவில்லை, நமக்கு முன்பே அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டிருந்தார்கள், வருகிறவர் ஒருவர் உண்டா என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வழக்கில்லை, அவர் நாசரேத்தூர் இயேசுதானா என்பதில்தான் வழக்கு. யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்ற பிலேயாமின் அதே வாக்கை கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவுக்குப் பொருத்தினார் ரபி அக்கிவா என்பதும், ‘நட்சத்திரத்தின் மகன்’ என்ற அந்தப் பெயரே அதிலிருந்து வந்தது என்பதும் பிள்ளைகள் அறியவேண்டிய வரலாறு. வசனம் ஒன்றே, பொருத்திப் பார்த்த ஆட்கள் வேறு.

இப்பொழுது, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலைக்கு வருகிறேன். இந்த மடலில் நான் அதிகம் நிற்க விரும்புவது இங்கேதான். உங்கள் அட்டவணையில் ‘ஈசாக்கு விறகைச் சுமந்தான், இயேசு சிலுவையைச் சுமந்தார்’ என்று முடித்துவிட்டீர்கள். சரியான ஒப்புமைதான், யூத வேத விளக்க நூலான (மிட்ராஷ்) ஆதியாகம ரப்பாவே ஈசாக்கைத் தன் சிலுவையைத் தோளில் சுமந்து போகிறவனுக்கு ஒப்பிடுகிறது. ஆனால் ஆதியாகமம் 22இன் உயிர் அதனினும் ஆழத்தில் இருக்கிறது. மகன் கேட்கிறான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? தகப்பன் சொல்கிறான்: தேவன் தமக்கு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார். ‘பார்த்துக்கொள்வார்’ என்ற அந்தத் தமிழ்ச் சொல்லை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு. எபிரெயத்தில் அங்கே நிற்பது ‘காண்’ என்னும் வினையேயாகும். கண்ணால் காண்பதும், ஏற்பாடு செய்து கவனித்துக்கொள்வதும் அதில் ஒன்றாயிருக்கின்றன. பல மொழிகள் இரண்டில் ஒன்றை விட்டுத்தான் மற்றதை எடுக்க முடிந்தது. தமிழில் ஒரு தாய், “நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆபிரகாம் அந்த இடத்துக்கு இட்ட யேகோவாயீரே என்ற பெயரைப் பொருள் விளக்கிச் சொல்லித்தரத் தமிழாசிரியருக்கு அகராதியே வேண்டியதில்லை.

ஆனால் அதன்பின் என்ன நடக்கிறது? புதரில் கொம்பு சிக்கி நின்றது ஆட்டுக்குட்டியன்று, ஆட்டுக்கடா. ஆபிரகாம் சொன்னது வேறு, கிடைத்தது வேறு. கதையாசிரியர் அதைத் திருத்தவும் இல்லை, விளக்கவும் இல்லை. “கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்” என்று எதிர்காலத்தில் ஒரு வாக்கியத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த மோரியாவில்தான் சாலொமோன் தேவாலயத்தைக் கட்டினான் என்று இரண்டாம் நாளாகமம் சொல்கிறது. அதே மலைதான் இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா என்று சில பிரசங்கியார் சொல்வது வேதத்தில் இல்லாத செய்தி. அதை வெட்டிவிட வேண்டும். ஆட்டுக்குட்டி எங்கே என்ற கேள்வி மட்டும் பதில் பெறாமல் நிற்கிறது. யோர்தான் கரையில் யோவான் ஸ்நானன் கையை நீட்டி, “இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி” என்று சொல்லும்வரை நிற்கிறது. யூதர்கள் தங்கள் புத்தாண்டின் இரண்டாம் நாளில் ஜெப ஆலயத்தில் இந்த அதிகாரத்தை வாசிக்கிறார்கள். அந்தக் கடாவை நினைத்து ஆட்டுக்கொம்பு ஊதுகிறார்கள். கி.பி. 244-245இல் கட்டிமுடிக்கப்பட்ட சிரியாவின் தூரா ஐரோப்போஸ் நகரத்து ஜெப ஆலயத்தில், தோராச் சுருள் வைக்கும் மாடத்துக்கு மேலேயே இந்தக் காட்சியைத் தீட்டியிருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் நிழல் அன்று. இரக்கத்துக்காகத் தேவனிடம் நினைப்பூட்டும் தங்கள் தகப்பனின் கதை. அதை அப்படியே முதலில் கேட்ட பிள்ளைக்குத்தான் யோவானின் ‘இதோ’ என்னும் சொல்லின் பாரம் தெரியும்.

பஸ்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாத்திராகமம் 12இன் ஆடு பாவநிவாரண பலி என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. அந்த அதிகாரத்தில் பாவம் என்ற பேச்சே இல்லை. அது அடிமைகளின் விடுதலை இரவு. ஒரு வயதுள்ள பழுதற்ற ஆண் குட்டி, செம்மறியாடாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம். எலும்பு முறிக்கக்கூடாது, விடியும்வரை மீதி வைக்கக்கூடாது, இடுப்பில் கச்சையும் காலில் பாதரட்சையுமாக அவசரமாகத் தின்னவேண்டும். பாவநிவாரணத்துக்கு லேவியராகமம் 16இல் தனி நாளும் தனி வெள்ளாட்டுக் கடாக்களும் உண்டு. யோவான் சுவிசேஷம் ஈசோப்புத் தண்டையும் முறிக்கப்படாத எலும்பையும் குறிப்பிட்டுச் சிலுவையைப் பஸ்காவோடு சேர்க்கிறது. பவுல் “நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து” என்கிறார். அப்படியானால் அவர்கள் சிலுவையில் கண்டது மன்னிப்பை மட்டுமல்ல, எகிப்திலிருந்து புறப்படுதலையும்தான். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டதால், பார்வோன் என்றொருவன் இருந்ததையே நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

யோவான் 3:16ஐ மனப்பாடம் செய்யாத ஞாயிறு பள்ளிப் பிள்ளை தமிழ் நாட்டில் இராது. 3:14ஐச் சொல்லச் சொன்னால் விழிக்கும். மோசே வனாந்தரத்தில் சர்ப்பத்தை உயர்த்தியதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்படவேண்டும் என்று, இரவில் வந்த நிக்கொதேமுவிடம் இயேசுவே எடுத்த ஒப்புமை அது. எண்ணாகமம் 21இல் கடித்ததும் பாம்பு, பிழைக்கப் பார்க்கச் சொன்னதும் பாம்பின் உருவம். சாபத்தின் வடிவமே சுகத்தின் அடையாளமாகக் கம்பத்தில் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு இது எளிதில் செரிக்காத செய்தி, செரிக்கவும் கூடாது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ரபிமார் இதே இடத்தில் நின்று, சர்ப்பமா கொல்லும், சர்ப்பமா உயிர்ப்பிக்கும் என்று கேட்டுவிட்டு, இஸ்ரவேலர் மேல்நோக்கிப் பார்த்துத் தங்கள் இருதயத்தைப் பரலோகப் பிதாவுக்குக் கீழ்ப்படுத்தியபோது குணமானார்கள் என்று பதில் சொல்கிறார்கள். ஏலாத்துக்கு வடக்கே திம்னா செம்புச் சுரங்கப் பகுதியில் 1969இல் பெனோ ரோத்தன்பெர்க் அகழ்ந்த சிறு கோயிலில், தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. அது மோசேயின் கதைக்குச் சான்று அன்று, ஆனால் அந்த வனாந்தரத்தில் அப்படிப்பட்ட உருவம் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட அந்தப் படம் ஒன்று போதும். நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜா என்ன செய்தான் என்பதையும் பாடத்தில் சேர்க்கவேண்டும். ஜனங்கள் அந்த வெண்கலச் சர்ப்பத்துக்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது அவன் அதை உடைத்துப் போட்டான். மோசே தன் கையால் செய்த முன்னடையாளமாயிற்றே என்று தயங்கவில்லை.

பொருத்தம் தேடும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டளவில் எழுந்த கிறிஸ்தவ நூலான பர்னபாவின் நிருபம், ஆபிரகாமின் வீட்டு ஆட்கள் 318 பேர் என்பதை எடுத்துக்கொண்டு, கிரேக்க எண்ணெழுத்தில் 18 என்பது இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்து, 300 என்பது சிலுவை வடிவ எழுத்து என்று கண்டுபிடித்து மகிழ்கிறது. ஆபிரகாமுக்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வழியில்லை என்பது அதை எழுதியவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சிரிக்கிறோம், ஆனால் நம் பாடநூல் ஒன்றில் யோசேப்பு 30 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டதாக அச்சிட்டிருந்ததே, அது வேறென்ன? ஆதியாகமம் 37:28 சொல்வது 20 வெள்ளிக்காசு. யூதாசின் கணக்கோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக யோசேப்பின் விலையை உயர்த்திவிட்டோம். அதைக் கண்டுபிடித்ததும் நானல்ல, வசனத்தை எடுத்து வாசித்த ஒரு பிள்ளை. இதற்கு மாறாக எபிரெயர் நிருபத்தைப் பாருங்கள்: மெல்கிசேதேக்கைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதியவர், அவன் கொண்டுவந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்கு எட்டிய பொருத்தத்தையும் எடுக்காமல் விட்ட அந்த அடக்கம் நமக்கு வாய்க்கவேண்டும்.

இதைவிடக் கசப்பான சாட்சி சர்தை நகரத்து ஆயர் மெலித்தோ. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர் பஸ்காவைப் பற்றிச் செய்த பிரசங்கம், முன்னடையாளம் என்றால் என்னவென்று மிக அழகாக விளக்குகிறது: சிற்பி பெரிய வேலையைத் தொடங்குமுன் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ செய்துகொள்ளும் மாதிரி அது, வேலை எழுந்து நின்றபின் மாதிரிக்கு மதிப்பில்லை. அந்தப் பிரசங்கத்தின் பின்பகுதியிலேயே, இஸ்ரவேல் தேவனைக் கொன்றது என்ற குற்றச்சாட்டும் வருகிறது. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் அத்தகைய குற்றச்சாட்டுகளில் அதுவே மிகப் பழையது. மாதிரியை வீசி எறியலாம் என்று தொடங்கிய நாக்கு, மாதிரியைக் காத்துவந்த மக்களையும் வீசி எறிய அதிக நேரம் எடுக்கவில்லை. அந்தச் சொல்லின் விளைவுகளை ஐரோப்பாவின் யூதர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சுமந்தார்கள்; 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் அந்தக் குற்றத்தை எல்லா யூதர்மேலும் சுமத்தலாகாது என்று வெளிப்படையாக அறிவித்தது. பவுல் ரோமருக்கு எழுதும்போதே “நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்” என்று எச்சரித்திருக்கிறார். என் வகுப்பின் பின்வரிசையில் நான் கேட்டது மெலித்தோவின் குரலைத்தான்; பேசியவனுக்குப் பன்னிரண்டு வயது.

ஆகையால் வரும் பதிப்பில் அந்த அட்டவணையை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் இடத்தில் ஆதியாகமம் 22, யாத்திராகமம் 12, எண்ணாகமம் 21, உபாகமம் 18 ஆகிய நான்கு அதிகாரங்களை மட்டும் முழுதாக, அந்தந்த ஜனத்தின் கதையாக, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் ஒரு வாரம் நடத்த இடம் கொடுங்கள். அடுத்த வாரம் சுவிசேஷத்தைத் திறக்கட்டும். ‘ஷீலோ’ என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பும், ‘அவர்’ என்று வருமிடங்களில் மூலத்தில் மரியாதைப் பன்மை இல்லை என்று ஒரு வரியும் சேருங்கள். நிருபங்களில் ‘நிழல்’ என்று வருகிற இடங்களில் அதற்கு எதிராக நம் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் ‘பொருள்’. கொலோசெயரில் “அவைகளின் பொருள் கிறிஸ்துவைப்பற்றினது” என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே ‘சரீரம்’ என்று இருக்கிறது. தமிழிலோ பொருள் என்றால் கையில் பிடிக்கும் வஸ்துவும் ஆகும், சொல்லின் அர்த்தமும் ஆகும். இந்த ஒரு சொல்லை வைத்தே ஆசிரியர் கையேட்டில் ஒரு பக்கம் எழுதலாம். எழுதித் தரவும் நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

வருகிற தபசு காலத்தில் என் வகுப்பில் ஆதியாகமம் 22ஐ ஆட்டுக்கடா வரைக்கும் வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடிவிடப் போகிறேன். ஆட்டுக்குட்டி எங்கே என்று யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கவேண்டும். பிள்ளைகள் சென்ற ஆண்டு எழுதிக்கொடுத்த கேள்விகளின் படியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். திருத்திய பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அவற்றை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை